அத்தைக்கு வந்த வியாதிகள்

மருமகள் பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்த நாளாகப் பார்த்துத்தான் மாமியாருக்கு உடம்பு படுத்த ஆரம்பித்தது.

திங்கட்கிழமை, "ஏம்மா, ஜில்லுத் தண்ணியில கை வச்சா விரலெல்லாம் வெளுத்து நீலம் பாரிச்சுப் போகுது."

மருமகள் விரல்களைப் பிடித்துப் பார்த்தாள். "ரேனோன்னு ஒரு வியாதியில அப்படி ஆகும். உங்களுக்கு நல்லாத்தானே இருக்கு, அத்தை?"

புதன்கிழமை, "ஐஸ்கட்டியா மென்னு தின்னணும் போல இருக்கும்மா."

"இரும்புச்சத்துக் குறைவா இருக்கும். கீழ் இமையைக் காட்டுங்க."

இமை செக்கச்செவேலென்று இருந்தது.

வெள்ளிக்கிழமை, மெல்லும்போது தாடைவலியாம், நெற்றிப்பொட்டில் தலைவலியாம். இரண்டும் சேர்ந்து வந்தால் கண்ணையே பறிக்கும் வியாதியாக இருக்கலாம். மருமகள் பதறிப்போய் பார்வைவரை சோதித்தாள். ஒன்றுமில்லை. அரைநாள் படிப்பு பாழ்.

டாக்டராவதற்கான கடைசிப் பரீட்சை. இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று. இனி ஒரே ஒரு வாய்ப்புதான்.

"ஏங்க, நான் பாஸாகுறது உங்கம்மாவுக்குப் பிடிக்கலையா?" என்று கணவனிடம் பொருமினாள். "தபாலாபீஸ்ல முப்பது வருஷம் லீவே போடாதவங்க. எனக்குப் பரீட்சைன்னதும் தினம் ஒரு வியாதி."

"வயசாச்சுல்ல" என்று அவன் நைசாக நழுவிவிட்டான்.

ஞாயிறு மதியம். புத்தகத்தின் மேலேயே கண் சொக்கிக்கொண்டிருந்தபோது, ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி மாமியார் வந்து நின்றார்.

"பால் குடிச்சா வாந்தி பீச்சியடிக்குதும்மா. எடுத்த கையோட மறுபடி பசிக்குது. மேல் வயித்துல குட்டியா ஒரு கட்டி உருளுது."

மருமகள் மெல்ல நிமிர்ந்தாள்.

"அத்தை, இது பிறந்து ஒரு மாசமான கைக்குழந்தைக்கு வர்றது."

மாமியார் திருதிருவென்று விழித்தார். முதுகுக்குப் பின்னால் ஒளித்திருந்த இன்னொரு கையை முன்னால் கொண்டுவந்தார். அதில் ஒரு அட்டை. மனப்பாடம் செய்ய மருமகளே எழுதி வைத்தது. முன்பக்கம் அறிகுறி, பின்பக்கம் நோயின் பெயர்.

"பின்பக்கம் பார்த்தா என் முழியே காட்டிக் கொடுத்துடும்னு திருப்பிப் பார்க்கலைம்மா" என்றார் குற்றவாளி. "புத்தகத்துல படிச்சா மறந்துபோகுது, நோயாளியைப் பார்த்துட்டா மறக்கறதில்லைன்னு அன்னிக்குப் போன்ல அழுதியே. நோயாளிக்கு நான் எங்க போறது?"

திங்கள், புதன், வெள்ளி மூன்றும் ஒன்றுவிடாமல் ஞாபகம் இருப்பது அப்போதுதான் மருமகளுக்கு உறைத்தது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அடுத்த அட்டையை எடுங்க, அத்தை. இப்ப எங்க வலிக்குது?"