வெண்காரக் கிண்ணம்

தராசின் ஒரு தட்டில் மாமனார் பிரித்தெடுத்த சின்னத் தங்க மணியை வைத்தார்கள்.

முப்பது வருடமாகத் தாதுப்பொடியில் பாதரசம் கலந்து, அதில் ஒட்டிய தங்கத்தைச் சுட்டுப் பிரித்தெடுத்த கை. இப்போதெல்லாம் அது நடுங்கும். தேநீர் கொடுத்தால் பாதி தரைக்குத்தான்.

அந்தப் பாதரசப் புகை எங்கள் சமையலறை ஜன்னல் வழியாகத்தான் உள்ளே வரும். எனக்கு இது ஆறாவது மாதம்.

பாதரசமே வேண்டாம், வெண்காரம் என்ற உப்பைப் போட்டு உருக்கினால் தங்கம் தானாக அடியில் இறங்கிவிடும் என்று நான் சொன்னபோது, பட்டறையில் அதிகம் சிரித்தவர் அவர்தான். சிரித்தால் ஓரத்தில் தங்கப்பல் மின்னும். அதைக் காட்டத்தான் அப்பா சிரிக்கிறார் என்பார் என் கணவர்.

பட்டறைக்காரர்கள் எட்டுப் பேரும் தராசு சொன்னால் மட்டும் கேட்கிற ஆட்கள். அதனால் இன்று போட்டி. ஒரே பொடி, அவருக்கும் எனக்குமாக இரண்டு சம பங்கு.

பங்கு பிரித்தது மாமனார். வேறு யாரையும் தொட விடவில்லை. ஏதாவது தில்லுமுல்லு செய்துவிடுவாரோ என்று எனக்குச் சந்தேகம்.

இன்னொரு தட்டில், வெண்காரம் போட்டு நான் உருக்கிய கிண்ணத்து மணியை வைத்தேன்.

என் பக்கம் இறங்கியது.

தட்டை மாற்றி வைத்துப் பார்த்தார்கள். அப்போதும் என் மணிதான் இறங்கியது. நாளையிலிருந்து எட்டு அடுப்பிலும் வெண்காரம் என்று முடிவானது.

"மருமககிட்ட தோத்துட்டு மனுஷன் வாயே திறக்கலையே!" என்று ஒருவன் சீண்டினான்.

மாமனார் துண்டால் வாயைப் பொத்தியபடி வெளியே போய்விட்டார். காலையிலிருந்தே உம்மென்றுதான் இருந்தார்.

ஜெயித்தும் எனக்கு மனசு கேட்கவில்லை. தேநீர் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அரை டம்ளர்தான் ஊற்றியிருந்தேன்.

அதைக் கவனித்துவிட்டார் போல. என் கை நடுக்கம் இவளுக்குத் தெரியாததா என்பது மாதிரி பார்த்துவிட்டு, வாய் நிறையச் சிரித்தார்.

ஓரத்தில் ஒன்றும் மின்னவில்லை.

"பாதரசப் புகையில ஆடிக்கிட்டிருந்த பல்லுதாம்மா. போகட்டும். நீ யார்கிட்டயும் வாயத் திறந்துடாதே."

என் பங்குப் பொடியைப் பிரித்துத் தந்தது அவர் கைதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கையோடு என் கையையும் சேர்த்து டம்ளரைப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.