ஈரச்சேலையில் ஓடும் அலை

பினாங்குக் கடல்காற்று வீசும் பின்சந்தில், மஞ்சள் வெயிலில், சவரிநாதனும் மனைவி ஞானப்பூவும் ஈரச்சேலையின் இரு முனைகளையும் பிடித்து உலர்த்திக்கொண்டிருக்கிறார்கள். விடிந்தால் அவனுக்கு மின்நிலையத்தில் சோதனை. தேறினால் யந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை, தவறினால் மறுபடியும் கரி அள்ளத்தான் வேண்டும். பாடத்தில் வரும் மின்சார அலைகளில் சைனுக்கும் கோசைனுக்கும் உள்ள வேறுபாடு மட்டும் ஒரு யுகமாக அவன் மண்டையில் ஏறமாட்டேன் என்கிறது. ஞானப்பூ கையைத் தலைக்குமேல் தூக்கி ஓர் உதறு உதறுகிறாள். அந்த வீச்சுக்கு ஊருக்குப் பின்னால் நிற்கும் கொடிமலையே ஒரு முழம் நகர்ந்து உட்காருகிறது. சேலையில் மேடு எழுந்து, பள்ளமாகி, மறுபடி மேடாகி, நீலக்கரை மினுங்க அவனை நோக்கி நீந்தி வருகிறது. "நீ உச்சியில தொடங்குற. இது கோசைன்," என்று முனகியபடி, அவன் தன் கையை நடுமட்டத்திலிருந்து அசைக்கிறான். இது சைன். அதே மேடு, அதே பள்ளம். தொடங்கும் இடம்தான் வேறு. கம்பிக்குள் மின்சாரம் முன்னும் பின்னுமாக ஊஞ்சலாடுவது அவன் உள்ளங்கையில் சிலிர்க்கிறது. "என்னங்க, சேலை காய வைக்கிறோமா, பேய் ஓட்டுறோமா?" என்கிறாள் ஞானப்பூ. "இன்னும் ஒரே ஒரு தடவை உதறு, ஞானம். இப்பத்தான் பிடிபடுது." "காஞ்சே போச்சுலா!" என்றவள், அவன் முகத்தை ஒரு கணம் பார்க்கிறாள். பிறகு, மொடமொடவென்று உலர்ந்த சேலையைத் தொட்டித் தண்ணீரில் முக்கி எடுத்து, சொட்டச் சொட்ட ஒரு முனையை அவனிடம் நீட்டுகிறாள்.