பத்தாவது சொல்

“வானவில்லை எடுத்துடுங்க. சாவிக்கொத்துன்னு போடுங்க.”

பெரிய டீச்சர் சிவப்பு மையால் ஒரே அடியாக அடித்து, பாடக்குறிப்பைத் திருப்பிக் கொடுத்தார்.

இரண்டாம் வகுப்பு டீச்சருக்கு முகம் சுருங்கிப்போனது. கைக்குழந்தையை இடுப்பு மாற்றி இடுப்பு தூக்கிக்கொண்டு, ஞாயிறு முழுக்க யோசித்து எழுதிய பத்துச் சொற்கள். தையல்காரர் மகளுக்கு ‘ஊசி’, மெக்கானிக் மகனுக்கு ‘சங்கிலி’ என்று அதது வீட்டில் புழங்குவதாகப் பார்த்துப் பொறுக்கியிருந்தாள். ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து தன் சொல்லைப் படிக்க வேண்டும், அதைப் பற்றி நாலு வார்த்தை பேச வேண்டும்.

“மௌனச்சாமிக்குத்தான் மேடம் வானவில். அழகான சொல்லா இருந்தாலாவது வாயைத் திறப்பாளேன்னு...”

“அவங்க வீட்டுல யாரு வானவில் வச்சிருக்கா?”

மௌனச்சாமி பஸ் டிரைவரம்மாவின் மகள். மூன்று மாதமாக வகுப்பில் மூச்சு விட்டதில்லை. இன்றும் பேசாவிட்டால் ஒன்றாம் வகுப்புக்கே திருப்பி அனுப்பிவிடலாம் என்று டீச்சரே எழுதிக் கொடுத்திருந்தாள்.

“பாத்தீங்களாக்கா, தன் கையில தொங்குறதைப் பாடத்துல ஏத்தியாச்சு. அடுத்து அவங்க மூக்குக்கண்ணாடி வரும் பாருங்க,” என்று பக்கத்து வகுப்பு டீச்சரிடம் பொருமினாள்.

“மெல்லப் பேசு. என்னிக்காவது லேட்டா வந்து மாட்டினா தெரியும் உனக்கு.”

“நானா? என் கால் கேட்டுல படவும் மணி அடிக்கவும் சரியா இருக்கும். ஒரு நாள் தப்பினதில்ல. வேலைன்னா நேரம் முக்கியம்க்கா.”

மத்தியானம் பாடம். பெரிய டீச்சர் கடைசி பெஞ்சில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஊசி வந்தது. சங்கிலி வந்தது, கூடவே ஒரு சைக்கிள் சண்டையும் வந்தது. பத்தாவது அட்டையை மௌனச்சாமியிடம் நீட்டினாள் டீச்சர்.

அவள் அட்டையைப் பார்த்தாள். திரும்பிப் பெரிய டீச்சரையும் அவர் கையில் தொங்கிய கொத்தையும் பார்த்தாள்.

“சா... விக்... கொத்து.”

வகுப்பே வாயைப் பிளந்தது.

“இதுல பதினோரு சாவி. பித்தளைச் சாவி ஸ்டோர் ரூமுக்கு. ரெண்டு திருப்பு திருப்பிட்டு ஒரு உதை விடணும். பெரிய டீச்சர் நல்லா உதைப்பாங்க.”

பெரிய டீச்சர் இருமினார். “போதும்மா, உக்காரு.”

மடை திறந்தாச்சு, இனி நிற்குமா?

“அம்மா ஏழு மணிக்கே என்னை இங்க விட்டுட்டு பஸ் எடுக்கப் போயிடும். நானும் பெரிய டீச்சரும்தான் எல்லா ரூமையும் திறப்போம். குட்டிச் சாவி மணி அடிக்கிற சுவிட்சுப் பெட்டிக்கு. அதை மட்டும் டயத்துக்குத் திறக்க மாட்டோம்.”

டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. “இவ்வளவு பேசுறியேடி, இத்தனை நாளா ஏன் வாயைத் திறக்கல?”

பெரிய டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நான் மாடி ஜன்னல்ல நின்னு பாப்பேன். நீங்க தெருமுனையில ஓடி வர்றது தெரிஞ்சதும் கை காட்டுவேன். அப்புறம்தான் மணி. ‘கைக்குழந்தைக்காரி, பாவம், யார்கிட்டயும் சொல்லிடாதே’ன்னு பெரிய டீச்சர் சொன்னாங்க. வாயைத் திறந்தா அதுதான் முதல்ல வந்து விழும்னு பயந்துதான் டீச்சர் பேசவே இல்ல.”