ஒரே ஓட்டை

மொன்டானாவில் மான் வேட்டை தொடங்க இரண்டே நாள். துப்பாக்கியும் கையுமாக டெல்மர் நாலாவது தடவையாக வந்து நின்றதும் ஆரினுக்குத் தலைவலியே வந்துவிட்டது.

“இதை எங்கிட்ட விக்கிறப்போ, அஞ்சு குண்டும் ஒரே ஓட்டையில போன குறி அட்டையைக் காட்டினியே! நீ சொன்ன அதே வெடிமருந்தை அதே அளவுல போட்டுத் தோட்டா தயார் பண்ணிட்டேன். அஞ்சும் அஞ்சு திசையில போகுது. எதையோ மறைக்கிறே!”

“ஒண்ணும் மறைக்கலைப்பா.”

“அப்போ மருந்தை இன்னும் கொஞ்சம் கூட்டிடறேன்.”

“அடப்பாவி! தோட்டா தயாரிக்கிற புத்தகத்துல போட்டிருக்கிற உச்ச அளவே அதுதான். மீறினா உன் மூஞ்சியிலேயே வெடிக்கும்.”

“வெடிக்கட்டும். எனக்குக் குறி விழணும்!”

ஆள் செய்தாலும் செய்துவிடுவான். ஆரின் சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“உனக்கு வித்தது துப்பாக்கியை மட்டும்தான்யா. அந்த அஞ்சையும் சுட்டது என் பொண்டாட்டி.”