துண்டு போட்ட நாற்காலி

அந்த ஆடம்பரக் கடற்கரை நகரத்தில், மணலெங்கும் சாய்வு நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. சுற்றுலாக் குழுவோடு வந்திருந்த குமுதவல்லி ஒன்றில் சாய்ந்துகொண்டு, பக்கத்து நாற்காலியில் கணவரின் பச்சைக் கரைத் துண்டைப் போட்டாள். ஊரில் பஸ் ஜன்னல் வழியாக வீசி அவர் அவளுக்கு இடம் பிடித்த துண்டு. அவர் இறந்து மூன்று வருடமாகிறது. கறுப்புக் கண்ணாடி போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் அந்த நாற்காலியை நெருங்கினார்.

"ஆள் வருது" என்றாள் தமிழிலேயே. அவர் தலையசைத்துவிட்டு நகர்ந்தார்.

மாலையில் கடல் ஏறி வந்தது. எல்லோரும் எழுந்து ஓடினார்கள்.

"எந்திரிங்கக்கா, தண்ணி வந்துருச்சு!" என்று கத்தினாள் குழுவில் வந்த செண்பகம்.

"அதான் துண்டு போட்டிருக்கேன்ல?"

அலை குமுதவல்லியின் முழங்கால்வரை நனைத்தது. பக்கத்து நாற்காலிக்கு ஒரு சாண் முன்னால் நின்று, திரும்பிப் போனது.