உறவில்லாத சாட்சி

வாரிசுச் சான்றிதழுக்கு ஒரு சாட்சி வேண்டும். இறந்தவரை நன்றாகத் தெரிந்தவராக இருக்க வேண்டும். உறவாக மட்டும் இருக்கக் கூடாது.

அதற்காகத்தான் அந்த அண்ணனும் தங்கையும் என்னைக் காரில், அதுவும் முன் சீட்டில் உட்கார வைத்து, அலுவலகத்துக்கு அழைத்து வந்திருந்தார்கள்.

வேறு யாரும் கிடைக்கவில்லை, பாவம். ஒரு வாரமாகத் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறார்கள். மளிகைக்கடைக்காரர், நீங்கள் யார் என்று கேட்டாராம். பெற்றவள் ஐந்து வருடம் படுக்கையில் கிடந்தபோது அந்தப் பக்கமே தலை வைத்துப் படுக்காதவர்களை அவருக்கு எப்படித் தெரியும்?

உயில் இல்லை. சொத்து என்று இருப்பது இரண்டு அறை கொண்ட ஒரு வீடு. ஓர் அறையில் இவர்களுடைய அம்மா கிடந்தார். இன்னொன்றில் நான் இருந்தேன், இன்னும் இருக்கிறேன்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் விற்றுவிடுவார்கள். தரகர் நேற்றே வந்து, என் கட்டிலை நகர்த்தச் சொல்லிச் சுவரை அளந்துவிட்டுப் போனார்.

காரில் வரும்போது தங்கைக்கு ஒரே கரிசனம். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்தே நீட்டினாள். என்னை என்னவென்று கூப்பிடுவது எனத் தெரியாமல், "இந்தாங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

குமாஸ்தா கேள்வி கேட்கக் கேட்க அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அருமையான துக்கம். அம்மா பிறந்த வருடம் என்ன என்று கேட்டபோது மட்டும் துடைப்பதை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

நான் சொன்னேன். இறந்த நேரத்தையும் நான்தான் சொன்னேன்.

பிறகு படிவம் என்னிடம் வந்தது. சாட்சிக்கும் இறந்தவருக்கும் உள்ள உறவு என்ற கட்டத்தில், 'இல்லை' என்று பென்சிலால் லேசாக எழுதியிருந்தது. அண்ணனின் கையெழுத்துதான். நான் தப்பு செய்துவிடக் கூடாதே என்ற அக்கறை. அதன் மேலேயே பேனாவை ஓட்டினால் போதும்.

நான் அதன் மேலேயே எழுதினேன். மருமகள்.

குமாஸ்தா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். மருமகள் சாட்சிக் கையெழுத்துப் போட முடியாது என்றார்.

அண்ணனின் முகத்தில் ஈயாடவில்லை.

"எங்களுக்கு விவாகரத்தாகி ஆறு வருஷமாச்சு சார்! இவ எங்களுக்கு யாருமே இல்ல!"

கையோடு தீர்ப்பு நகலையும் கொண்டு வந்திருந்தார். கெட்டிக்காரர், எடுத்து மேஜையில் வைத்தார்.

அப்படியானால் இதை அடித்துவிட்டு 'இல்லை' என்று எழுதிக் கொடுங்கள் என்றார் குமாஸ்தா.

விவாகரத்து ஆனது இந்த மனிதரோடு. அத்தையோடு எனக்கு எந்த நீதிமன்றத்திலும் வழக்கு இருந்ததில்லை. நான் பேனாவை மூடினேன்.

தங்கை பாய்ந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி!"

குமாஸ்தா அவளை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார். படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, குறுக்கே ஒரு கோடு போட்டார்.