விற்றுப்போன கேரவன்

“இருபது வருஷமா காருக்குப் பின்னால இழுத்துட்டு லீவுக்குப் போன கேரவனை வித்துட்டு, இந்த டிரெய்லர் கூடாரம் எதுக்கு குவிலிம்?” நெரிஸ் கணவரை விடுவதாயில்லை.

“இழுக்க லேசு. நம்ம கராஜ்லயே நிக்கும்.”

“வேல்ஸ் மழைக்குத் துணிக்கூரையா? நம்ம ரெண்டு பேருக்கு ரெண்டு படுக்கையறை வேற!”

“அந்த அளவுதான் கிடைச்சுது.”

“பொய்! ரோத்ரி இருந்தா உடனே கண்டுபிடிச்சிருப்பான். பெத்த பிள்ளையைத்தான் பைபிள் மேல சத்தியம் பண்ணி, ‘என் வீட்டுப் படி மிதிக்காதே’ன்னு துரத்திட்டியே!”

குவிலிம் டிரெய்லரைக் கராஜுக்குள் தள்ளப் போனார்.

சனிக்கிழமைதோறும் அவர் தனியே வெளியே போவதும், வீட்டுக் கம்பளிகள் ஒவ்வொன்றாய் மறைவதும் நெரிஸின் ஐயத்தை வளர்த்தன. அடுத்த சனிக்கிழமை தன் காரில் பின்தொடர்ந்தாள்.

குளிர்காலத்தில் கேரவனை நிறுத்திவைக்கும் பண்ணைக்குள் அவர் நுழைந்தார். ‘விற்றுப்போன’ கேரவன் அங்கேயே நின்றது. கொடியில் ஓர் இளம்பெண்ணின் கவுன் காய்ந்தது.

நெரிஸ் கதவை இடித்தாள். “எவடி அது? வெளியே வாடி!”

கதவைத் திறந்தவன் ரோத்ரி. தோளில் கைக்குழந்தை, பின்னால் மிரண்டு நின்றாள் அவன் மனைவி. அடுப்பருகே பால் காய்ச்சிக்கொண்டிருந்தார் குவிலிம்.

“வாடகை வீடு போச்சும்மா. அப்பாதான் தேடி வந்து கூட்டிட்டு வந்தார். சத்தியத்தை மீறலையாம், கேரவன்ங்கிறது வீடு இல்லையாம். உங்கிட்ட சொல்லத்தான் வெட்கமாம்.”

பேரக்குழந்தையை வாங்கி மார்போடு அணைத்த நெரிஸ், ஈரக் கண்களோடு கணவரை முறைத்தாள்.

“அப்போ கூடாரமும் வீடு இல்லைதானே?”

“அதனாலதான் ரெண்டு அறை உள்ளதா வாங்கினேன்” என்றார் குவிலிம், பாலிலிருந்து பார்வையை எடுக்காமல்.